ஹவுஸ் ஆஃப் தி டெட் ரீமேக்: மவுஸா, கைரோவா, லைட் கன்னா?

ஜாம்பிகளைச் சுட்டுத் தள்ளும் 'தி ஹவுஸ் ஆஃப் தி டெட்: ரீமேக்' கேமை வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எந்தப் பதிப்பில் கிராபிக்ஸ் நன்றாக இருக்கும் என்பதைத்தான். பிசியா, சுவிட்சா, ப்ளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா என்று ஒப்பிட்டுப் பார்த்து மண்டையைக் குழப்பிக்கொள்கிறார்கள். வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்த கேமுக்கு அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ யோசிக்க வேண்டிய விஷயம். இதில் நீங்கள் நடப்பதில்லை, ஓடுவதில்லை, எங்கே திரும்புவது என்று முடிவெடுப்பதுமில்லை. ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து போவது மாதிரி கேமராவே உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறது. ரெயில் ஷூட்டர் என்ற பெயரே அதனால் வந்ததுதான். குறிபார்ப்பது, சுடுவது, ரீலோட் செய்வது என்று மூன்றே வேலைதான் உங்களுக்கு. அந்த மூன்றையும் எதைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்த மெஷினில் வாங்குவது என்பது அதிலிருந்து தானாகவே தெரிந்துவிடும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூல கேம் ஜப்பானின் சேகா நிறுவனத்தின் ஏ.எம்.1 பிரிவு உருவாக்கி 1997ல் ஆர்கேடுகளுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் கேம் கூடங்களுக்கு வந்தது. சேகாவின் மாடல் 2 என்ற ஆர்கேட் போர்டில் ஓடியது. 1998ல் சேகாவின் வீட்டு மெஷினான சாட்டர்னுக்கும் விண்டோஸுக்கும் மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்தடுத்த பாகங்களுக்கு ட்ரீம்காஸ்ட், எக்ஸ்பாக்ஸ், வீ, பிஎஸ்3 என்று ஏதாவது ஒரு வீட்டு மெஷினில் வழி கிடைத்துக்கொண்டே இருந்தது. தொடங்கி வைத்த முதல் பாகத்தை மட்டும் கிட்டத்தட்ட கால் நூற்றாண்டுக்கு யாரும் தொடவில்லை. 2022 ஏப்ரலில்தான் மெகாபிக்சல் ஸ்டுடியோ செய்து, போலந்தின் ஃபாரெவர் என்டர்டெயின்மென்ட் வெளியிட்ட ரீமேக் வந்தது. முதலில் சுவிட்ச், அந்த மாதக் கடைசியில் பிசி, பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்; பிஎஸ்5க்கு 2023 தொடக்கத்தில். சேகாவின் இன்னொரு பழைய ரெயில் ஷூட்டரான பான்சர் டிராகனை 2020ல் புதுப்பித்ததும் இதே கூட்டணிதான்.

கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. 1998 டிசம்பர் 18. டாக்டர் கியூரியனின் மாளிகையில் ஆராய்ச்சி விபரீதமாகி ஜாம்பிகள் கிளம்பிவிடுகின்றன. ஏ.எம்.எஸ். என்ற அமைப்பின் ஏஜென்டுகளான ரோகனும் 'ஜி' என்பவரும் உள்ளே போகிறார்கள். நான்கு அத்தியாயம், ஒவ்வொன்றின் முடிவிலும் குறி சொல்லப் பயன்படும் டாரட் சீட்டின் பெயர் கொண்ட ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி: சேரியட், ஹேங்டுமேன், ஹெர்மிட், மெஜீஷியன். முழுதாக முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. இது குறை என்று சிலர் விமர்சனம் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆர்கேட் கேம் என்பது திரும்பத் திரும்ப ஆடுவதற்காகவே செய்யப்பட்டது. வெள்ளை கோட் விஞ்ஞானிகளைக் காப்பாற்றினால் உயிர் கிடைக்கும்; சில இடங்களில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்து வழியே மாறும்; முடிவுகளும் ஒன்றுக்கு மேற்பட்டவை. ரீமேக்கில் இதோடு ஜாம்பிகளைப் பல மடங்கு பெருக்கிவிடும் ஹோர்டு மோடும், காப்பாற்றிய விஞ்ஞானிகளைப் பொறுத்துத் திறக்கும் கூடுதல் ஆயுதங்களும் உண்டு. திரும்ப ஆடுவதற்குக் காரணம் இருக்கிறது. அப்படித் திரும்ப ஆட வேண்டுமானால் கையில் பிடித்திருப்பது உறுத்தாமல் இருக்க வேண்டும்.

சரி, கருவிகளுக்கு வருவோம். இவற்றைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த எளிய வழி, ஒவ்வொரு கருவியும் கேமிடம் என்ன தகவலைச் சொல்கிறது என்று பார்ப்பதுதான். கன்ட்ரோலரின் ஸ்டிக், "இந்தப் பக்கமாக, இவ்வளவு வேகத்தில் நகர்" என்கிறது. மவுஸும், கன்ட்ரோலர் திரும்புவதை உணரும் கைரோவும் "இருந்த இடத்திலிருந்து இவ்வளவு தூரம் நகர்" என்கின்றன. திரையை நோக்கி நீட்டும் பொம்மைத் துப்பாக்கியான லைட் கன் மட்டும்தான் "திரையில் இதோ இந்த இடம்" என்று நேராகச் சொல்கிறது. மூல கேம் இந்த மூன்றாவது வகைத் தகவலுக்காகவே வடிவமைக்கப்பட்டது. திரையின் இடது ஓரத்தில் ஒருவன் கோடாரியை ஓங்குவான், அதே நொடியில் வலது ஓரத்தில் ஒரு விஞ்ஞானி கத்துவார். துப்பாக்கி பிடித்த கைக்கு இந்தத் தூரம் மணிக்கட்டின் ஒரு திருப்பம். ஸ்டிக்குக்கு அது ஒரு பயணம்.

ஸ்டிக்கைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் கைரோ கிடையாது, ஆகவே அங்கே ஸ்டிக்தான் கதி. சேரியட்டோடு மோதும்போது சமாளிக்கலாம். ஆள் பெரிய உருவம், மெதுவாக நடந்து வருவான், கவசம் மூடாத மார்புப் பகுதியில் குறியை நிறுத்தி வைத்துச் சுட்டுக்கொண்டே இருக்கலாம். ஹேங்டுமேன் வௌவால் கூட்டத்தை ஏவிவிடும்போதுதான் தெரியும் சேதி. சின்னச் சின்ன இலக்குகள், ஒவ்வொன்றும் வேறு திசையில். குறியை ஒன்றுக்குக் கொண்டுபோவதற்குள் இன்னொன்று கடித்துவிடும். எக்ஸ்பாக்ஸ் மட்டும்தான் வீட்டில் இருக்கிறது என்றால், என்னைக் கேட்டால் இந்த கேமை விட்டுவிடலாம். விலை தள்ளுபடியில் கிடைத்தாலும்.

மவுஸ் இதற்கு நேர் எதிர். பிசியில் கேமை வாங்கி, கையில் இருக்கும் சாதாரண மவுஸை வைத்து ஆடினால் கூடுதல் செலவு பூஜ்யம். துல்லியம் அபாரம். நடுக்கம் இல்லை, விலகல் இல்லை, ரீலோட் வலது பட்டனில். சிக்கல் என்னவென்றால், அளவுக்கு மீறிய துல்லியம். ஆறு குண்டுகள் கொண்ட ஒரு கைத்துப்பாக்கியை நீட்டிய கையில் தூக்கிப் பிடித்து ஆடும் ஆளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று கணக்குப் போட்டு ஜாம்பிகளை நிறுத்தியிருக்கிறார்கள். மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொருவன் நெற்றியிலும் ஒரு சொடுக்குப் போட்டால் அந்தக் கணக்கு சரிந்துவிடுகிறது. பயம் போய்விடும், அலுவலக வேலை மாதிரி ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும்.

இதற்கு ஒரு மாற்று மருந்து இருக்கிறது: மவுஸில் ஆடுபவர்கள் கடினமான நிலையில் ஆரம்பிக்க வேண்டும், ஸ்கோருக்காக ஆட வேண்டும். ரீமேக்கில் பழைய பாணி ஸ்கோர், புதிய பாணி ஸ்கோர் என்று இரண்டு முறைகள் உண்டு. புதியதில் தவறவிடாமல் தொடர்ந்து அடித்தால்தான் புள்ளிகள் பெருகும். மவுஸின் துல்லியத்துக்கு அப்போதுதான் வேலை கிடைக்கிறது. ஹோர்டு மோடும் மவுஸ்காரர்களுக்குத்தான் சரிப்படும். அத்தனை கூட்டத்தை வேறு கருவியில் சமாளிப்பதற்குள் கை விட்டுப்போகும். தனியாக, ஸ்கோர் வெறியோடு ஆடுகிறவர் நீங்கள் என்றால் மவுஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மேற்கொண்டு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.

கருவியை மாற்றினால் கேமையும் அதற்கேற்ப மாற்றினால்தான் சரிவரும் என்பதை சேகா ஒரு தடவை வேடிக்கையாகவே செய்து காட்டியது. இரண்டாம் பாகத்தை எடுத்து, துப்பாக்கிக்குப் பதில் கீபோர்டை வைத்து, ஜாம்பியின் மேல் தெரியும் வார்த்தையை டைப் செய்தால் அது சாகும் என்று 'தி டைப்பிங் ஆஃப் தி டெட்' செய்தார்கள், 1999ல். கேட்டால் கேலி மாதிரி இருக்கும், ஆனால் கன கச்சிதமான கேம். ரீமேக்கை மவுஸுக்காக அப்படி யாரும் மறுபடி யோசிக்கவில்லை.

அடுத்தது கைரோ. சுவிட்ச் பதிப்பில் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கன்ட்ரோலரான ஜாய்-கானைக் கழற்றி ஒரு கையில் துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடிக்கலாம். ப்ளேஸ்டேஷனிலும் கைரோ உண்டு, ஆனால் அங்கே முழுக் கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்க்க வேண்டும். சுடுகிற உணர்வு அதில் பாதிதான் வருகிறது. பிசியில் கேம் கடையான ஸ்டீமின் கன்ட்ரோலர் அமைப்புக்குள் போய், பிஎஸ்5இன் டூயல்சென்ஸ் போன்ற கன்ட்ரோலரின் கைரோவை மவுஸாக மாற்றிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாத வசதி. சோபாவில் சாய்ந்துகொண்டு ஆட விரும்புகிறவர்கள் மவுஸுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே இதை முயன்று பார்க்கலாம்.

ஜாய்-கானைப் பற்றி ஒரு தவறான எதிர்பார்ப்பு நிலவுகிறது. பார்க்க நின்டெண்டோவின் பழைய வீ மெஷினின் ரிமோட் மாதிரி இருப்பதால், அதே மாதிரி வேலை செய்யும் என்று நினைத்துவிடுகிறார்கள். வீ ரிமோட்டின் முனையில் அகச்சிவப்புக் கேமரா இருந்தது. டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் பட்டையிலிருந்து வரும் இரண்டு ஒளிப்புள்ளிகளைப் பார்த்து, தான் எங்கே குறிபார்க்கிறோம் என்று அது கணித்தது. ஜாய்-கானை இந்த கேமில் ஆடும்போது அதற்கு டிவி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கை எவ்வளவு வேகத்தில், எந்தப் பக்கம் திரும்பியது என்பதை மட்டும் அளந்து கூட்டிக்கொண்டே போகிறது. கூட்டலில் வரும் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து, கொஞ்ச நேரத்தில் குறி ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். டிவியின் நடுவே நீட்டியிருப்பீர்கள், திரையில் குறி வலது ஓரத்தில் நிற்கும். ஒரு பட்டனை அமுக்கி நடுவுக்குக் கொண்டுவரலாம்தான். மெஜீஷியன் நெருப்புப் பந்துகளை வீசிக்கொண்டே பாய்ந்து பாய்ந்து வரும் நேரத்தில் அந்த பட்டன் ஞாபகம் வர வேண்டுமே. பழகினால், சண்டைகளுக்கு இடையே கேமரா நகரும் அமைதியான நொடிகளில் அதைத் தன்னிச்சையாக அமுக்கும் பழக்கம் வந்துவிடும். அது வரும்வரை எரிச்சல்தான்.

இத்தனை குறை சொல்லிவிட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும்: கைரோவில் ஆடும்போது இந்த கேம் கலகலப்பாகிவிடுகிறது. குறி தப்புகிறது, கத்துகிறீர்கள், பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறார். ஆர்கேடில் இரண்டு பேர் தோளோடு தோள் நின்று ஆடிய அந்தக் கூத்து மவுஸில் வருவதே இல்லை. சுவிட்சில் படம் மங்கல், பிரேம் வேகமும் குறைவு, வெளிவந்த புதிதில் அதற்காக நன்றாகவே திட்டு வாங்கினார்கள். இருந்தாலும் விருந்தாளி வந்தால் கையில் கொடுத்து உடனே ஆட வைக்கக்கூடியது அந்தப் பதிப்புதான். ஒரு எச்சரிக்கை: சுவிட்சைக் கையில் வைத்து ஆடும் நிலையில் கைரோவை நம்பாதீர்கள். குறிபார்க்கத் திரையையே சாய்க்க வேண்டும், சாய்த்தால் பார்க்க முடியாது. இந்தியாவில் நின்டெண்டோ சுவிட்சை அதிகாரப்பூர்வமாக வெளியிட்டதில்லை, இறக்குமதிக் கடைகளில்தான் வாங்க வேண்டும் என்பதால், இந்த ஒரு கேமுக்காக ஒரு மெஷினை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் யோசிக்காமல் அதில் போடுங்கள்.

இனி லைட் கன். பழைய சாட்டர்ன் துப்பாக்கியைத் தேடிப் பிடித்து இன்றைய டிவியில் சொருகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. பிக்சர் ட்யூப் டிவியில் படம் ஒரே நேரத்தில் மொத்தமாகத் தோன்றுவதில்லை. எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக, வரி வரியாக வரைந்துகொண்டே வரும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளி உணரி, தான் பார்க்கும் புள்ளியில் வெளிச்சம் எந்த நேரத்தில் பளிச்சிட்டது என்று கவனிக்கும். படம் வரையத் தொடங்கிய நேரத்தோடு அதை ஒப்பிட்டால் எந்த வரி, எந்த இடம் என்று தெரிந்துவிடும். சுடும்போது திரை ஒரு கணம் வெள்ளையாக மின்னியது, இருண்ட காட்சியிலும் உணரிக்குப் போதிய வெளிச்சம் கிடைக்கத்தான். எல்சிடியில் அந்தக் கற்றை இல்லை. போதாததற்கு டிவி படத்தைத் தன் பங்குக்கு மெருகேற்றிவிட்டுத் தாமதமாகக் காட்டுகிறது. நேரத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும் வித்தை அங்கே செல்லாது.

இன்றைய துப்பாக்கிகள் கேமராவை நம்புகின்றன. அவற்றில் இரண்டு வகைகள் இருக்கின்றன என்று சொல்லலாம். ஒன்று சிண்டன் லைட் கன். பிரிட்டனைச் சேர்ந்த ஆண்டி சிண்டன் உருவாக்கி, 2019ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டிக் கொண்டுவந்தது. இதன் முனையில் சாதாரணக் கேமரா இருக்கிறது. கேமைச் சுற்றி ஒரு வெள்ளைச் சட்டம் வரையப்படும். அந்தச் சட்டம் கேமராவில் எந்த வடிவத்தில், எந்தக் கோணத்தில் தெரிகிறது என்பதை வைத்து மென்பொருள் குறியைக் கணக்கிடும். டிவியைச் சுற்றி எதையும் ஒட்ட வேண்டாம். பதிலுக்கு அந்த வெள்ளைச் சட்டம் எப்போதும் கண்ணில் படும். இருட்டு மாளிகைக்குச் சுற்றிலும் வெள்ளை பார்டர் போட்டால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். பழகிவிடும் என்கிறார்கள் அதன் ரசிகர்கள். பழகத்தான் செய்கிறது, பிடிக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று கன்4ஐஆர் வகை. திரையைச் சுற்றி அகச்சிவப்பு எல்இடிகளை ஒட்ட வேண்டும், துப்பாக்கிக்குள் இருக்கும் கேமரா அவற்றைப் பார்க்கும். வீ ரிமோட்டின் தத்துவத்தையே இன்னும் துல்லியமாகச் செய்வது. படத்தில் சட்டம் கிடையாது. ஆனால் ஒயர், எல்இடி, ஒட்டுவது, அளவு சரிபார்ப்பது என்று கைவேலை அதிகம். சால்டரிங் அயர்னைக் கண்டு பயப்படாதவர்களுக்கு ஏற்றது. இரண்டு வகைக்குமே வெயில் எதிரி. சன்னல் வெளிச்சம் திரையில் பட்டுத் தெறித்தால் சிண்டன் தடுமாறும். சூரிய ஒளியிலேயே அகச்சிவப்பு இருப்பதால் மற்றதும் குழம்பும். சன்னல் திரைச்சீலையை இழுத்து விட்டு, விளக்கைக் குறைத்து ஆடுங்கள். ஜாம்பி கேமுக்கு அதுவும் பொருத்தம்தான்.

பிசியைப் பொறுத்தவரை இந்தத் துப்பாக்கிகள் மவுஸ் மாதிரிதான் நடந்துகொள்ளும். அதனால் ரீமேக்கின் பிசி பதிப்பில் பெரிய சித்து வேலை இல்லாமல் ஓடிவிடும். திரைக்கு வெளியே சுட்டால் ரீலோட் பட்டனை அமுக்கியதாகக் கொள்ளும்படி சிண்டனின் மென்பொருளில் அமைக்கலாம். கேட்கச் சின்ன விஷயம். இந்த ஒன்றுக்காகவே நான் லைட் கன் கட்சி. ஆறு குண்டு தீர்ந்ததும் துப்பாக்கியைத் திரைக்கு வெளியே ஒரு வெட்டு வெட்டி மறுபடி நுழைப்பது இந்த கேமின் தாளம். அந்த அரை நொடியில் குறி திரையில் இருக்காது, ஆகவே எப்போது ரீலோட் செய்வது என்பதே ஒரு முடிவாகிறது. நாலு குண்டு மிச்சமிருக்கும்போதே செய்வதா, கடைசி வரை போவதா? மவுஸில் வலது பட்டனைத் தட்டுகிறவருக்கு இந்த ஊசலாட்டமே வருவதில்லை. தவிர, நீட்டிய கை பத்து நிமிடத்தில் வலிக்க ஆரம்பிக்கும், குறி நடுங்கும். சாதாரண நிலையே போதுமான சவாலாகிவிடும். ஜாம்பிகளை நிறுத்தியவர்கள் போட்ட அந்தப் பழைய கணக்கு அப்போதுதான் சரியாக வருகிறது.

தடை விலைதான். கேம் வெளிவந்தபோது 25 டாலரை ஒட்டிய விலை. சிண்டன் துப்பாக்கி ஒன்றே நூறு டாலரைத் தாண்டும்; சுட்டால் உதைக்கும் வகை இன்னும் கூடுதல். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரி, கூரியர் எல்லாம் சேரும். ஒரு மணி நேர கேமுக்கு இவ்வளவா என்றால், இந்த ஒரு கேமுக்காக மட்டும் வாங்காதீர்கள் என்பதே பதில். பழைய லைட் கன் கேம்களும் ஆட ஆசை, அடிக்கடி எடுப்போம் என்று உறுதியாகத் தெரிந்தால் வாங்கலாம். இந்தத் தொடரின் இரண்டாம் பாகத்துக்கும் 2025ல் ரீமேக் வந்துவிட்டது. வெனிஸ் கால்வாய்களில் நடப்பது. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வழிப்பிரிவுகள் அதிகமுள்ள இரண்டாவதில் திரும்ப ஆட இடம் கூடுதல். ஆனால் முதல் பாகத்தின் மாளிகைக்கு ஒரு இறுக்கம் இருக்கிறது, ஒரே மாளிகை வளாகத்துக்குள் எல்லாம் நடந்து முடிகிறது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

எதை எடுத்தாலும் டிவியில் கேம் மோடைப் போட மறக்காதீர்கள். டிவி செய்யும் மெருகேற்றலெல்லாம் நிற்கும், தாமதம் குறையும். குறி சரியாக இருந்தும் குண்டு தப்புகிறது என்று கன்ட்ரோலரைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் திட்ட வேண்டியது டிவியைத்தான்.

கடைசியாக, கூட ஆடப் போகிற இரண்டாவது ஆளைப் பற்றி. கன்சோல்களில் இன்னொரு கன்ட்ரோலரை இணைத்தால் வேலை முடிந்தது. பிசியில் இரண்டு மவுஸ் அல்லது இரண்டு துப்பாக்கி என்றால் சிக்கல் இருக்கிறது. எத்தனை மவுஸ் சொருகினாலும் விண்டோஸ் தன் போக்கில் விட்டால் எல்லாவற்றையும் ஒரே அம்பாகத்தான் நகர்த்தும். இரண்டையும் பிரித்துக் காட்ட ரசிகர்கள் எழுதிய மென்பொருள்கள் உண்டு, டெமுல்ஷூட்டர் அவற்றில் பெயர் பெற்றது. ஆனால் ஒரு மாலை நேரத்தை அமைப்புக்கே செலவழிக்கத் தயாராக இருக்க வேண்டும். ஆகவே இரண்டு துப்பாக்கிகளைச் சேர்த்து ஆர்டர் செய்யாதீர்கள். ஒன்றை வாங்கி, உங்கள் அறையில், உங்கள் டிவியில் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். அதுவரை கூட ஆடுபவரிடம் கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு, வௌவால் கட்டம் வரும்போது கொஞ்சம் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.